சில்வர் பெட்டிஷன் தலை வணங்கிய கதை

செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு சில்வர் பெட்டிஷன் வலது முன்காலைத் தரையில் ஊன்றியது. சுடுகல்லை மிதித்ததுபோல உடனே எடுத்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த நயினார் தண்ணீர் வாளியைக் கீழே வைத்தார்.

சில்வர் பெட்டிஷன் என்பது குதிரை. சென்னையில் ஏழு வருடம் ஓடி, நான்கு பந்தயம் ஜெயித்து, ஓய்வு பெற்ற குதிரை. நயினார் அதன் குதிரைக்காரர். திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, சென்னை லாயங்களில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர். இருவரும் ஒரே லாரியில் திருவனந்தபுரம் வந்து ஆறு வருடம் ஆகிறது. இருவரும் மாநிலப் பந்தயக் குதிரை மேம்பாட்டுக் கழகத்தின் ஊழியர்கள். குதிரை நிரந்தரம், நயினார் தற்காலிகம்.

கழகத்தைத் தொடங்கி இருபத்தைந்து வருடம் ஆகப்போகிறது. முதலில் கழகம், பிறகு பந்தய மைதானம் என்று திட்டம். கழகம் வந்துவிட்டது. மைதானத்துக்குப் பார்த்த முதல் இடத்தில் குளம் இருந்தது. இரண்டாவது இடத்தில் மறியல் இருந்தது. மூன்றாவது இடம் வரைபடத்தில் மட்டும் இருந்தது. அதற்காகக் கழகம் மனம் தளரவில்லை. திருவனந்தபுரத்து வழுதக்காட்டில் ஒரு கட்டடம், ஒரு ஜீப், நாற்பத்திரண்டு நிரந்தர ஊழியர்கள், ஒரு குதிரை என்று நிமிர்ந்து நின்றது.

போன வருடம்வரை குதிரைகள் இரண்டு. மற்றதற்கு முட்டி வீங்கியது. ‘பயனற்றது’ என்று எழுதி, ஏலம் போட்டு, லாரியில் ஏற்றினார்கள். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று நயினார் டிரைவரிடம் கேட்டார். டிரைவர் தீப்பெட்டி கேட்டு வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை நயினார் ‘நொண்டி’ என்ற வார்த்தையை வாய்க்குள்ளேயே விழுங்கினார். குதிரையைக் கயிற்றோடு பத்தடி ஓட்டிப் பார்த்தார். வலது முன்கால் படும்போது தலை மேலே போகிறது; இடது முன்கால் படும்போது தலை கீழே இறங்குகிறது. வலிக்கிற காலில் பாரம் விழாமல் இருக்கக் குதிரை தலையைத் தூக்கும். வலிக்காத காலில் நிம்மதியாகத் தாழ்த்தும். லாயத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது அரிச்சுவடி. வலது குளம்பில் கை வைத்தார். டீ கிளாஸ் மாதிரி சுட்டது.

“ஒண்ணுமில்ல மக்கா. உள்ள சீழ் கோத்திருக்கு. லாடத்தக் கழட்டி, ஒரு கீறு கீறி விட்டா அரை மணி நேரத்துல தீந்துரும்,” என்றார் குதிரையிடம்.

அரை மணி நேர வேலைதான். ஆனால் லாடம் கழகத்தின் சொத்து. ஒவ்வொரு லாடத்திலும் வெள்ளைப் பெயின்டில் எண் எழுதியிருக்கும். அனுமதி இல்லாமல் கழற்றினால் அது பொதுச்சொத்துக்குச் சேதம்.

நயினார் மனு எழுதிக்கொண்டு சூப்பிரண்டு தாணுவின் மேஜை முன்னால் போய் நின்றார். தாணு நாகர்கோவில்காரர். இருபது வருடமாக எந்தத் தாளையும் படித்தவுடன் கையெழுத்துப் போட்டதில்லை என்ற பெயர் அவருக்கு உண்டு.

“லாடத்தக் கழட்டணும்னு எழுதிருக்கேரு. எதுக்கு ஓய்?”

“குளம்புல நோவு ஸார்.”

“அத நீரு எப்படித் தீர்மானிக்க முடியும்? நடையில வேறுபாடு வந்தா நடை ஆய்வுக் குழு கூடணும். குழு எந்தக் காலுன்னு சொல்லணும். பொறவு எந்த மூட்டுன்னு சொல்லணும். படிவத்துல பதினாலு மூட்டுக்குக் கட்டம் போட்டிருக்கு, பாத்தேரா?”

“குளம்புக்குக் கட்டம் இல்லியே ஸார்?”

“குளம்பு மூட்டு இல்லல்லா? அப்ப அதுல நோவு வர வகையில்ல.”

மறுநாள் நடை ஆய்வுக் குழு கூடியது. ஏழு பேர். அதில் ஒருவர் ஜீப் டிரைவர். ஓடுகிற பொருள்களில் அனுபவம் உள்ளவர் என்ற முறையில் சேர்க்கப்பட்டவர். நான்கு பேர் குதிரைக்கு எதிரே இருந்த மேடை மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மூன்று பேருக்கு மேடையில் இடம் இல்லாததால் குதிரைக்குப் பின்னால் நின்றார்கள். மேடையில் இருந்தவர்கள் தங்கள் இடது கைப் பக்கம் தெரிந்த காலை இடது கால் என்று எழுதினார்கள். பின்னால் நின்றவர்கள் வலது கால் என்று எழுதினார்கள்.

“முன்னாலருந்து பாத்தா எதிர்ப்பக்கமாத் தெரியும் ஸார்,” என்றார் நயினார்.

“தற்காலிக ஊழியர் குழுவில் பேசுவதற்கு விதி இல்லை,” என்றார் ஜீப் டிரைவர்.

வாக்கெடுப்பு நடந்தது. நாலுக்கு மூன்று என்ற கணக்கில் இடது கால் வென்றது. படிவத்தில் மூட்டு என்ற கட்டத்தில் ‘முன்முட்டி’ என்று குறித்தார்கள்; அதுதான் பக்கத்தின் மேலே முதலாவதாக இருந்தது. இடது முட்டிக்குத் தைலம் தடவி, ஒன்பது சுற்றுத் துணி கட்டினார்கள். சில்வர் பெட்டிஷனுக்கு இருந்த ஒரே நல்ல முன்காலும் மடக்க முடியாமல் போயிற்று.

வியாழக்கிழமை கழகத் தலைவர் பகவதிப்பெருமாள் வந்தார். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கழகத்தின் வெள்ளி விழா. துறை அமைச்சர் வருகிறார். தலைவருக்குப் பதவிக்காலம் முடிய இருபது நாள் இருந்தது. வெள்ளி விழாவில் அமைச்சர் மனம் குளிர்ந்தால் இன்னொரு மூன்று வருடம் கிடைக்கலாம். ஆகையால் கழகத்தின் ஒரே குதிரையைத் தலைவர் தம் கண்ணால் பார்க்க விரும்பினார்.

அவர் ஜீப்பிலிருந்து இறங்கி வரும்போதே நயினார் ஒன்றைக் கவனித்தார். தலைவர் இடது காலை ஊன்றும்போது தலை தாழ்கிறது. வலது காலை ஊன்றும்போது தலை நிமிர்கிறது. வலது முட்டி, என்று மனம் தானாகச் சொன்னது. தொழில் பழக்கம். வெள்ளிக்கிழமைதோறும் தலைவர் அந்த முட்டிக்காகப் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் விடலை போட்டு உடைப்பது ஆபீசுக்கே தெரியும். தெரியாத மாதிரி இருப்பது ஆபீசின் பண்பாடு.

“ஓட்டும் வே, பாக்கட்டும்,” என்றார் தலைவர்.

நயினார் வேறு வழியில்லாமல் ஓட்டினார். சில்வர் பெட்டிஷன் தலைவரை நோக்கி வந்தது. ஒரு அடிக்குத் தலை தூக்கி, மறு அடிக்குத் தலை தாழ்த்தி, தூக்கி, தாழ்த்தி வந்தது. முடிந்தது கதை, இன்றைக்கே ‘பயனற்றது’ என்று எழுதிவிடுவார்கள் என்று நயினார் கண்ணை மூடிக்கொண்டார்.

“அடே! கும்பிடுதுல்லா!” என்று தலைவரின் குரல் கேட்டது.

நயினார் கண்ணைத் திறந்தார். தலைவரின் முகம் முழுவதும் மலர்ந்திருந்தது.

“தாணு, பாத்தேரா? என்னைக் கண்டதும் தலை குனியுது. நாப்பத்திரண்டு பேருக்குச் சம்பளம் குடுக்கோம், ஒருத்தனாவது இப்படிக் குனிஞ்சிருக்கானா வே? ஒரு மிருகத்துக்கு இருக்க மரியாதை!”

“ஸார், அது வந்து...” என்று நயினார் ஆரம்பித்தார். தாணு அவர் கால்மேல் தம் செருப்பை வைத்து அழுத்தினார். நயினாருக்கும் இப்போது ஒரு முன்கால் போயிற்று.

அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. அமைச்சர் வரும்போது குதிரை தலை வணங்கி வரவேற்கும். குதிரையைப் பின்பற்றி ஊழியர்கள் அனைவரும் இரண்டு அடிக்கு ஒருமுறை தலை தாழ்த்த வேண்டும். இதற்கான பயிற்சி தினமும் மதியம் இரண்டு முதல் மூன்றரை வரை. கழுத்து வலி உள்ளவர்கள் சான்றிதழ் தர வேண்டும். குதிரையின் வணக்கம் தேய்ந்துபோகாமல் இருக்க, விழாவரை அதை யாரும் ஓட்டிப் பார்க்கக் கூடாது.

சனிக்கிழமை கால்நடை டாக்டர் ஸ்வப்னா வந்தார். விழாவில் பங்குபெறும் பிராணிக்கு ஆரோக்கியச் சான்றிதழ் வேண்டும் என்பதால் அழைக்கப்பட்டவர். வந்தவுடன் இடது முட்டிக் கட்டை அவிழ்த்து எறிந்தார். முட்டியை மடக்கினார், கணு மூட்டைத் தடவினார், பின்கால்களையும் பார்த்தார். கடைசியில் வலது குளம்பை ஓர் இடுக்கியால் அழுத்தினார். சில்வர் பெட்டிஷன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

“சேட்டா, இது முட்டியொண்ணும் அல்ல. குளம்புக்குள்ள பழுத்திருக்கு.”

“நானும் அதான் டாக்டர் சொன்னேன்!” என்றார் நயினார். ஐந்து நாளில் முதல்முறையாக ஒருவர் அவர் சொன்னதையே சொல்கிறார். அவருக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

தலைவரும் தாணுவும் இருந்த அறைக்குப் போய் டாக்டர் விளக்கினார். “பந்தயக் குதிரைய ரெண்டு வயசுல ஓட்டத் தொடங்குவாங்க. எலும்பு முத்தறதுக்கு முன்னமே ஓட்டம். அதனால முட்டில சில்லு பெயரும், கணு வீங்கும், தசைநாண் கிழியும். எல்லாம் உள்ளதுதான். பக்ஷே குதிரை நொண்டினா முதல்ல குளம்பத்தான் பாக்கணும். மிக்கவாறும், பத்துல எட்டு தடவை, நோவு அங்கதான் இருக்கும். இன்னைக்கே லாடம் கழட்டணும்.”

தலைவர் கேட்டார். “கழட்டினா கும்பிடுமா?”

“அது கும்பிடலை ஸார். நொண்டுது. வேதனைல தலை ஆடுது.”

“நோவு போனா?”

“தலை ஆடாது.”

தலைவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பிறகு மேடையில் பேசுகிற குரலில் பேசினார். “டாக்டரே, நான் ஒரு பிராணியோட வேதனைய நெனச்சு ராத்திரி தூங்காத ஆளு. ஆனா ஒரு ஸ்தாபனம்னா தனிப்பட்ட வேதனைக்கு மேல ஒண்ணு இருக்கு, கேட்டீங்களா? மரியாதை. நோவு இல்லாம எத்தனை பேரு இங்க தலை குனிஞ்சிருக்கான்? ஆராவது உண்டா? அப்ப நோவுதான் மரியாதைக்கு அஸ்திவாரம். வைத்தியத்த விழா கழிஞ்சு வச்சா போதும்.”

“எட்டு நாள் விட்டா சீழு எலும்பு வரைக்கும் போகும் ஸார். பொறவு குதிரை எழும்பாது.”

“எட்டு நாள் போதும்லா?” என்றார் தலைவர்.

திங்கட்கிழமை காலை டாக்டர் ஸ்வப்னாவுக்குப் பொன்முடி அடிவாரத்துக் கோழிப்பண்ணைக்கு மாற்றல் வந்தது. போகும்போது லாயத்துக்கு வந்து, நயினாரிடம் ஒரு சின்னக் கத்தியையும் அந்த இடுக்கியையும் கொடுத்தார். “கோழிக்கு இது ரெண்டும் வேண்டா, சேட்டா,” என்று மட்டும் சொன்னார்.

அன்று மதியம் ஆரியசாலைக் கடைத்தெருவிலிருந்து உலகம்மாள் சோறு கொண்டுவந்தாள். நயினாரின் மனைவி. ஒரு மொத்த வியாபாரக் கடையில் மல்லி, மிளகாய் புடைக்கிறவள். புருஷன் தூக்குவாளியைத் திறக்காமல் கத்தியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

“என்ன செய்யப் போறிய?”

“கழட்டுனா என் வேல போவும். கழட்டலன்னா இவன் போவான்.”

“நல்லாருக்கே! வேல போனா ஆரியசாலைல மூட்ட தூக்கலாம். இவன் போனா இவன எங்க போயித் தேடுவிய? அந்த லாரிக்காரன்ட்டயா?” உலகம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். “என்ன வேணும், சொல்லுங்க.”

“கோதும்பத் தவிடு. கல்லுப்பு. நாலு சாக்குத் துணி.”

“பத்து நிமிசம். அதுக்குள்ள சோத்தத் தின்னுங்க.”

இரண்டு மணிக்கு மணி அடித்தது. நாற்பத்திரண்டு பேரும் கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளேயிருந்து தாணுவின் குரல் வந்தது. “இடது காலு, தலை கீழே! வலது காலு, தலை மேலே! ஜீப் டிரைவரே, நீரு மாத்தி ஆட்டுதேரு!”

உலகம்மாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பழவங்காடிப் பிள்ளையாருக்கு மூன்று தேங்காய் என்று வாய்க்குள் நேர்ந்துகொண்டாள். நயினார் குதிரையின் வலது முன்காலைத் தூக்கி மடியில் வைத்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். லாடம் கையோடு வந்தது. இடுக்கியால் அழுத்தி இடம் பார்த்தார். குளம்பின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி. அதைத் தொடர்ந்து கத்தியால் மெல்லச் சீவினார். உளுந்து அளவு ஓட்டை விழுந்தவுடன் கறுப்புச் சீழ் பீறிட்டு அவர் சட்டையில் தெறித்தது. நாற்றம் குடலைப் புரட்டியது.

சில்வர் பெட்டிஷன் நீளமாக மூச்சு விட்டது. பிறகு, ஆறு நாளில் முதல்முறையாக, வலது காலைத் தரையில் வைத்து, முழுப் பாரத்தையும் இறக்கி நின்றது.

“வச்சிட்டான் பாருங்க!” என்றாள் உலகம்மாள்.

கூடத்தில் நாற்பத்திரண்டு பேர் நொண்டிக்கொண்டிருந்தார்கள்.

தவிட்டையும் உப்பையும் வெந்நீரில் பிசைந்து பத்துப் போட்டு, சாக்குத் துணியால் கட்டினார்கள். நான்கு நாள் மாற்றி மாற்றிக் கட்டினார்கள். யாரும் லாயத்தை எட்டிப் பார்க்கவில்லை. வணக்கம் தேய்ந்துவிடுமே என்ற பயம். சனிக்கிழமை நயினார் ஓட்டையைப் பஞ்சு வைத்து அடைத்து, அதே எண் போட்ட லாடத்தை அதே குளம்பில் அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பந்தல், நாதஸ்வரம், செண்டை. வெயிலில் இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு அமைச்சர் காரில் வந்து இறங்கினார். தலைவர் கை காட்டினார். நயினார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

சில்வர் பெட்டிஷன் கழுவிய உடம்போடு வெயிலில் பளபளவென்று ஓடி வந்தது. நான்கு கால்களும் ஒரே தாளத்தில் விழுந்தன. கழுத்து வளையவில்லை, தலை அசையவில்லை. ஓரமாக வரிசையில் நடந்த நாற்பத்திரண்டு பேர் மட்டும் இடது காலுக்குக் குனிந்து, வலது காலுக்கு நிமிர்ந்து வந்தார்கள். குதிரை அவர்களுடைய தலைகளுக்கு மேலாகப் பார்த்தது. அங்கே ஒரு பலாமரம் இருந்தது, அதை ரசித்தது.

தலைவரின் முகம் கறுத்தது. தாணு நயினாரைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

ஆனால் அமைச்சரை அழைக்க யாராவது போக வேண்டுமே. தலைவர் மேடையிலிருந்து இறங்கினார். ஏழு படி. இரண்டு மணி நேரம் நின்ற முட்டி. முதல் படியிலேயே அது தன் வேலையைக் காட்டியது. இடது காலுக்குத் தலை தாழ்ந்தது. வலது காலுக்கு நிமிர்ந்தது. படிக்குப் படி, பிறகு அடிக்கு அடி, கார்வரைக்கும் அறுபது அடி தூரம் தலைவர் ஆழமாகத் தலை வணங்கி வணங்கி வந்து சேர்ந்தார். கண்ணில் நீர் நின்றது.

அமைச்சர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு மைக்கைப் பிடித்துப் பேசினார். “நான் பல கழகங்களின் விழாவுக்குப் போயிருக்கிறேன். யானை மாலை போட்டிருக்கிறது. கிளி பெயர் சொல்லியிருக்கிறது. அவை பழக்கினால் வரும். ஆனால் அடிக்கு அடி தலை வணங்கி, கண்ணில் நீர் மல்க வந்த ஒரு தலைவரை இன்றுதான் பார்க்கிறேன். ஒருவருக்குத் திறமை இருக்கிறதா என்று நான் பார்ப்பதில்லை. பணிவு இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். இவரே இன்னும் மூன்று வருடம் தொடர வேண்டும். அடுத்த மாதம் மறுபடி வருவேன். இதே பணிவைப் பார்க்க வேண்டும்.”

கைதட்டல் ஓய ஐந்து நிமிடம் ஆயிற்று.

திங்கட்கிழமை நயினாருக்கு மெமோ வந்தது. ‘பொறுப்பில் இருந்த குதிரை மரியாதை தவறியதற்கு விளக்கம் தருக.’ அதோடு இன்னொரு தாளும் வந்தது. ‘பணிவின்மை காரணமாகக் குதிரை பயனற்றதாகக் கருதப்படுகிறது. ஏலம் வெள்ளிக்கிழமை.’ தலைவரின் கையெழுத்து மட்டும் பாக்கி.

நயினார் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. புதன்கிழமை மதியம் லாயத்தின் வெளியே காலடிச் சத்தம் கேட்டது. ஒன்று அழுத்தமாக, ஒன்று லேசாக. யார் என்று எட்டிப் பார்க்காமலே தெரிந்தது. தலைவர், தனியாக. கையில் அந்தக் கோப்பு.

“லாடத்தக் கழட்டினேரு, அப்படித்தானே வே?”

“ஆமா ஸார்.”

“ஆரு உத்தரவுல?”

நயினார் பத்துப் பிசைந்த தவிட்டு வாளியைக் காலால் மறைவாகத் தள்ளினார்; தலைவர் அதைப் பார்த்துவிட்டார். தலைவர் நாலடி நடந்து குதிரையின் பக்கம் வந்தார். நயினாரின் கண் தானாக அவர் காலுக்குப் போயிற்று. அங்கிருந்து தலைக்குப் போயிற்று. வாய் தானாகத் திறந்தது.

“வலது முட்டி, ஸார்.”

தலைவர் நின்றார். சுற்றிலும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “ஆருகிட்டயாவது சொன்னியா?”

“இல்ல ஸார்.”

“வார திங்கக்கிழமை ஆப்பரேஷன் வச்சிருந்தேன். வேண்டாம்னு சொல்லிட்டேன். அமைச்சர் திரும்பவும் வாராருல்லா? முட்டி சரியானா தலை நேரா நின்னுரும் வே.” ஒரு கணம் தலைவர் குதிரையையே பார்த்தார். “நீ பேசாம இருப்பியா?”

நயினார் குதிரையின் கழுத்தைத் தடவினார். “நான் குதிரைக்காரன் ஸார். குதிர இருக்க வரைக்கும் எனக்குக் குதிரையப் பத்தித்தான் பேச்சு. குதிர இல்லன்னா, சும்மா இருக்க வாயி, மத்த ஆளுக நடையப் பத்தித்தான் பேசும்.”

தலைவர் கோப்பைத் திறந்தார். பேனாவை எடுத்தார். ஏலத் தாளின் குறுக்கே கோடு போட்டு, ‘குதிரை தொடரலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மெமோவைக் கிழித்துத் தவிட்டு வாளியில் போட்டார். சில்வர் பெட்டிஷன் அதை எடுத்து மென்றது.

வாசல்வரை போனவர் திரும்பினார்.

“நயினாரே, அந்தத் தவிட்டுப் பத்து... மனுசன் முட்டிக்கும் பலிக்குமா?”

“ரெண்டு நாளு கட்டினா கொஞ்சம் சொகமாத்தான் இருக்கும் ஸார். தலையாட்டமும் கொறஞ்சிரும்.”

தலைவர் வாளியை ஆசையோடு ஒருமுறை பார்த்தார்.

“அப்ப வேண்டாம்,” என்றார்.

வெயிலில் இறங்கி, அலுவலகத்தை நோக்கித் தலை வணங்கி வணங்கி நடந்து போனார். வராந்தாவில் நின்ற தாணு அவரைக் கண்டதும் இடது காலை எடுத்து வைத்துக் குனிந்தார்.

சில்வர் பெட்டிஷன் நான்கு காலையும் ஊன்றி நின்று, தலை நிமிர்ந்து, இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது.